தாய்லாந்துச் சாப்பாட்டில் மிளகாய் எங்கே இருக்கிறது?

கேள்வி: 3 நவம்பர் 2024

திருவாரூரிலிருந்து எழுதுகிறேன். மச்சினனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. திருச்சியில் ஒரு தாய்லாந்து உணவகத்தில் குடும்பத்தில் பன்னிரண்டு பேருக்கு விருந்து வைக்கிறான். எனக்குக் காரம் ஆகாது. கல்யாண வீட்டு வத்தக்குழம்புக்கே விக்கல் எடுக்கும். போய் உட்கார்ந்து வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருவதா, உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

4 நவம்பர் 2024

போங்கள். பொய் சொல்லிவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

எனக்கும் சிறு வயதிலிருந்தே காரம் ஆகாது. மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் குழம்புப்பொடி அரைக்கும்போது மிளகாயைப் பாதியாகக் குறைத்து மல்லியைக் கூட்டிப் போடுவார்கள். மோர்க்குழம்பும் பருப்புத் துவையலும் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு. 2019இல் சென்னையில் முதல் தடவையாக ஒரு தாய்லாந்து உணவகத்துக்குப் போனபோது "காரம் கம்மியா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். பரிமாறுபவரும் தலையாட்டிவிட்டுப் போனார். பச்சைக் குழம்பு வந்தது. கொத்தமல்லிச் சட்னியைத் தேங்காய்ப்பாலில் கரைத்த மாதிரி, பார்க்கவே குளுமையாக இருந்தது. நம்பிச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தேன். மூன்றாவது வாயில் காது அடைத்தது. கண்ணீர், விக்கல், நெஞ்சில் எரிச்சல். இரவு முழுக்கத் தூக்கமில்லை.

அவர் ஏமாற்றவில்லை. "காரம் கம்மி" என்பது ஓர் அளவே இல்லை, அவ்வளவுதான். எதைவிடக் கம்மி? சமைப்பவர் தன் நாக்கைவிடக் குறைத்துத்தான் போட்டிருப்பார். அது எனக்கு மலை.

அதனால் "இது காரமா?" என்று கேட்காதீர்கள். "இதில் மிளகாய் எப்போது சேர்கிறது?" என்று கேளுங்கள். இதை நான் கற்றுக்கொள்ள நாலைந்து வருடம் ஆயிற்று.

4 நவம்பர், இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. காரம் ஏறிவிட்டால் ஐஸ் தண்ணீர் குடிக்காதீர்கள். உட்காரும்போதே ஒரு கிண்ணம் தயிர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

6 நவம்பர் 2024

தண்ணீர் ஏன் உதவாது என்று கேட்டிருக்கிறார்கள்.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஐஸ் தண்ணீர் வாயில் இருக்கிறவரை இதமாக இருக்கும். விழுங்கியதும் எரிச்சல் திரும்பி வந்துவிடும். பாலிலும் தயிரிலும் கேசீன் என்ற புரதம் இருக்கிறது. அது கேப்சைசினைப் பற்றி நாக்கிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது. தயிர் இல்லாத இடத்தில் ஐஸ்கிரீம் கேட்கலாம். பால் ஊற்றிய தாய்லாந்து டீயும் உதவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரம் என்பது இனிப்பு, புளிப்பு போல ஒரு சுவையே இல்லை. சூட்டை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்று ஓர் ஏற்பி இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது விழித்துக்கொள்ளும். கேப்சைசின் பட்டாலும் அதேதான் நடக்கிறது. வாய் வெந்துவிட்டது என்று மூளைக்குச் செய்தி போகிறது. இந்த ஏற்பியை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு அடையாளம் கண்டது. அவருக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பந்தியில் நான் கண் கலங்கும்போதெல்லாம் "பாசாங்கு பண்ணுது" என்று சொல்லியிருக்கிறார்கள். பாசாங்கு இல்லை. என் உடம்பு உண்மையாகவே சுடுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பாட்டி விக்கல் எடுத்தால் மோர் தருவார். சரியான வைத்தியம். ஆனால் நீர்மோரில் முக்கால்வாசி தண்ணீர்தானே, கெட்டித் தயிர் இன்னும் வேகமாக வேலை செய்கிறது.

9 நவம்பர் 2024

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சமையலில் மிளகாய் ஏறுவது மூன்று கட்டங்களில்.

ஒன்று, அரைக்கும்போதே. பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு எல்லாம் விழுதில்தான் ஆரம்பிக்கின்றன. மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், எலுமிச்சைப்புல், அரத்தை எல்லாம் சேர்த்து இடித்த விழுது. நம் குழம்புப்பொடியில் அரைபட்ட மிளகாயைக் குழம்பிலிருந்து யார் பிரித்து எடுக்க முடியும்? அதே கதைதான். நம் பக்கத்து உணவகங்களில் பெரும்பாலும் டப்பாவில் வரும் விழுதைத்தான் போடுகிறார்கள். சமையல்காரர் நினைத்தால் விழுதைக் குறைத்துத் தேங்காய்ப்பாலைக் கூட்டலாம். அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லை.

இரண்டு, சமைக்கும்போது. பப்பாளிக்காய்ச் சாலட், துளசி போட்டு வதக்கும் கறி, தேங்காய்ப்பால் சூப் ஆகியவற்றில் கேட்டவருக்குக் கேட்டபோதுதான் மிளகாயை நசுக்கிப் போடுகிறார்கள். "மிளகாயே போடாதீர்கள்" என்று சொன்னால் நிஜமாகவே போடாமல் தர முடியும். டோம் யாம் சூப் மட்டும் சந்தேகக் கேஸ். பல இடங்களில் அதில் வறுத்த மிளகாய் விழுதும் கலப்பார்கள்.

மூன்று, மேஜையில். ஃபிரைடு ரைஸ், பேட் தாய் நூடுல்ஸ், வேகவைத்த கோழியோடு வரும் சோறு. இவற்றுக்குக் காரம் தனிக் கிண்ணத்தில் வரும். தொடாமல் தள்ளி வைத்துவிடலாம்.

முதல் தடவை போகிறவர் மூன்றாவதில் ஆரம்பித்து இரண்டாவதுக்கு வரட்டும். முதல் வகையில் ஆசை இருந்தால் மஸ்ஸமான், இல்லையென்றால் பனாங். இரண்டும் சாது. பச்சைக் குழம்பு பெரும்பாலும் சிவப்பைவிடக் காரமானது. அதில் புது மிளகாயை, அதுவும் குட்டி மிளகாயை அப்படியே இடிக்கிறார்கள். நிறத்தைப் பார்த்து நம்ப வேண்டாம். காட்டுக் குழம்பு என்று ஒன்று உண்டு, 'கேங் பா' என்பார்கள். தேங்காய்ப்பாலே கிடையாது, கடுங்காரம். நம்மைப் போன்றவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

தட்டில் மிளகாய்த் துண்டு தெரிந்தால் விதையைத் தட்டிவிட்டால் போதும்.

10 நவம்பர் 2024

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தங்கள்.

விதையைத் தட்டினால் போதும் என்றது தவறு. காரம் அதிகமாகத் தங்குவது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் உள் வெள்ளைச் சவ்வில். விதைக்கு அங்கிருந்து ஒட்டிய காரம்தான். துண்டையே எடுத்து ஓரம் வையுங்கள். அந்தக் குட்டி மிளகாயின் பெயரே 'ப்ரிக் கீ நூ', எலிப்புழுக்கை மிளகாய் என்று பொருள். 1912இல் வில்பர் ஸ்கோவில் ஏற்படுத்திய காரக் கணக்கில் அதற்கு 50,000 முதல் 1,00,000 வரை சொல்கிறார்கள். காரம் நாக்குக்குத் தெரியாமல் போகும்வரை சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போய் அளந்த கணக்கு அது.

அடுத்தது பேட் தாய். முறைப்படி அது புளி, பனைவெல்லம், மீன் சாறு, வேர்க்கடலை. நம் நாக்குக்குக் கிட்டத்தட்டப் புளியோதரையின் உறவு. ஆனால் நம் பக்கத்தில் சில இடங்களில் உள்ளூர் வாடிக்கையாளருக்காகச் சில்லி சாஸ் ஊற்றிச் சிவப்பாகவே கிளறிவிடுகிறார்கள். கும்பகோணத்துப் பக்கம் ஓரிடத்தில் எனக்கு அப்படித்தான் வந்தது. பேட் தாய் என்றாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

18 நவம்பர் 2024

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார், படித்தேன். மஸ்ஸமான் பிடித்தது, உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் நன்றாக இருந்தன, இரண்டாவது தடவை சோறு வாங்கினேன் என்கிறார். மனசு நிறைந்துவிட்டது.

மஸ்ஸமான் எனக்குக் கும்பகோணம் கடப்பாவை நினைவூட்டுகிறது. கடப்பாவில் பாசிப்பருப்பும் சோம்பும் கசகசாவும் தேங்காயும். மஸ்ஸமானில் பட்டை, ஏலம், கிராம்பு, தேங்காய்ப்பால், புளி. சாமான் வேறு, குணம் ஒன்று. இரண்டிலும் உருளைக்கிழங்கு மசிந்து குழம்பைக் கட்டி நிறுத்துகிறது. அந்தக் குழம்பில் முஸ்லிம் வணிகர் வழி வந்த வாசனைச் சாமான்கள் இருப்பதாகச் சொல்வார்கள். நாகூர்ப் பக்கத்துக் குருமா சாப்பிட்டவருக்கு அது உடனே புரியும்.

2 டிசம்பர் 2024

சைவம் சாப்பிடுபவர்களுக்கு: காய்கறிக் குழம்பு என்று எழுதியிருந்தாலும் விழுதில் இறால் கூழ் இருக்கும், மேலே மீன் சாறு ஊற்றுவார்கள். இரண்டையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். தாய்லாந்திலேயே என்றால் 'ஜே' என்ற சொல் போதும். அவர்களுடைய சுத்த சைவத்துக்கு அதுதான் பெயர். பூண்டு, வெங்காயம்கூட அதில் கிடையாது.

26 டிசம்பர் 2024

மார்கழி. கோயிலில் திருவெம்பாவை கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன், கொஞ்சம் விலகிப் போகும்.

பாங்காக்கில் அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் ஒரு சடங்குக்கு 'திரியம்பாவை திரிப்பாவை' என்று பெயர். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படி ஆகியிருக்கின்றன. முன்பு அதோடு பெரிய ஊஞ்சல் திருவிழாவும் நடந்தது. ஊஞ்சலாடுவதை 1935இல் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிவப்பு மரத்தூண்கள் நகரின் நடுவில் இன்னும் நிற்கின்றன.

பாட்டு அங்கே போயிருக்கிறது. மிளகாய்? அது நமக்கும் சொந்தமில்லை, அவர்களுக்கும் சொந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் மூலமாக இந்தப் பக்கம் வந்தது. ராஜராஜன் 1010இல் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோது தஞ்சாவூரில் எந்த அடுப்பிலும் ஒரு மிளகாய்கூட இல்லை. மிளகுதான். அதனால்தான் புதிதாக வந்ததை 'மிளகாய்' என்றோம், மிளகு போல உறைக்கும் காய். தாய்லாந்திலும் இதேதான் நடந்தது. 'ப்ரிக்' என்றால் முதலில் மிளகு. மிளகாய் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பழைய மிளகு 'ப்ரிக் தாய்' ஆயிற்று, அதாவது தாய்லாந்து ப்ரிக்.

எனக்கு மிளகு தாங்கும். மிளகுக் குழம்பு இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்வேன். மிளகின் பைப்பரின் அதே ஏற்பியைத்தான் தொடுகிறது, ஆனால் கேப்சைசின் அளவுக்கு இல்லை. எனவே "காரம் தாங்காதவர்" என்று எங்களை மொத்தமாகச் சொல்வதே சரியில்லை. மிளகாய் தாங்காதவர்கள், அவ்வளவுதான். இந்த மண்ணில் பல நூற்றாண்டு மிளகாய் இல்லாமலே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

18 ஜனவரி 2025

காணும் பொங்கலன்று அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துப் போனோம். தம்பி குடும்பமும் வந்தது. அம்மாவுக்கு 74 வயது, வயிற்றுப்புண் இருந்து ஆறியவர். அவருக்கும் எனக்கும் சேர்த்துக் காளான் போட்ட டோம் கா, அதாவது அந்தத் தேங்காய்ப்பால் சூப், மிளகாய் இல்லாமல். பரிமாறிய பையன் டார்ஜிலிங் பக்கம். உள்ளே போய்ச் சமையல்காரரையே அழைத்து வந்தான். "விழுது கிடையாது, மிளகாய் தனியாகத்தான் போடுவோம், போடாமல் தருகிறேன்" என்று அவர் ஆங்கிலமும் இந்தியுமாகச் சொன்னார். மறக்க மாட்டேன்.

சூப் வந்தது. அம்மா ஒரு வட்டத் துண்டை வாயில் போட்டுக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்டி, இது அரத்தைடி."

அதேதான். சளிக்கு எங்களுக்கெல்லாம் கஷாயம் வைத்துத் தந்தாரே, அதே வாசனை. நம் கஷாயத்தில் பெரும்பாலும் சிற்றரத்தை, அங்கே போடுவது பேரரத்தை, அது ஒன்றுதான் வித்தியாசம். அடுத்து ஓர் இலையை எடுத்து நசுக்கி முகர்ந்தார். "நாரத்தை எல மாதிரி இருக்கு. வேப்பிலைக்கட்டி இடிக்கலாம் போல." அது அவர்கள் ஊர் எலுமிச்சை இலை, நாரத்தைக்கு உறவுதான். அரத்தைத் துண்டும் எலுமிச்சைப்புல் தண்டும் இலையும் வாசனைக்குத்தான், தின்ன வேண்டியதில்லை. நாம் கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கலாம். அம்மா அரத்தையை மட்டும் ஒதுக்கவில்லை.

அன்று வேறொன்றும் நடந்தது. தம்பியின் மாமனார், நல்ல மனுஷர், "இதுகூடத் தாங்கலேன்னா எப்படிம்மா, ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு" என்று பச்சைக் குழம்பை என் சோற்றில் ஊற்ற வந்தார். தட்டைக் கையால் மூடிக்கொண்டேன். அம்மாதான் சொன்னார்: "சம்பந்தி, அவளுக்கு அது சுடும். விட்டுடுங்க." அவரும் உடனே கரண்டியை எடுத்துக்கொண்டார்.

20 ஜனவரி 2025

"பழகினால் தாங்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அடிக்கடி சாப்பிட்டால் அந்த நரம்பு முனைகள் மரத்துப்போகின்றன. விருப்பம் உள்ளவர்கள் பழகட்டும். ஆனால் பழகித்தான் ஆக வேண்டும் என்று ஒருவர் தட்டில் இன்னொருவர் ஊற்றக் கூடாது. மிளகாய் தின்பது வீரம் இல்லை, தின்னாதது குறையும் இல்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

2 மார்ச் 2025

பிப்ரவரியில் பாங்காக் போய்வந்தோம், ஐந்து நாள். முன்பு எழுதியவற்றில் சிலவற்றை அங்கே நேரில் சரிபார்க்க முடிந்தது.

தெருக்கடையில் பப்பாளிக்காய்ச் சாலட் இடிக்கும் கடைக்காரம்மா உரலில் பூண்டையும் மிளகாயையும் போடுவதற்கு முன்னால் எத்தனை மிளகாய் என்று கேட்டார். கம்மியா, அதிகமா என்று இல்லை. எத்தனை! 2019இல் நான் சொல்லியிருக்க வேண்டிய மொழி அது. பூஜ்யம் என்று விரலை வட்டமாக்கிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே இடித்துத் தந்தார். ஆனாலும் உறைத்தது. முன்னால் வாங்கியவரின் காரம் உரலிலேயே இருந்திருக்கிறது. மறுநாள் உரலைக் கழுவச் சொல்லி சைகை காட்டினேன், கழுவினார். காரமில்லாத அந்தச் சாலட்டில் எலுமிச்சையும் வெல்லமும் வேர்க்கடலையும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன.

நூடுல்ஸ் கடை மேஜையில் நாலு டப்பா: சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய மீன் சாறு, மிளகாய் ஊறிய வினிகர். ஒவ்வொருவரும் தன் கிண்ணத்தைத் தானே சரிசெய்துகொள்கிறார்கள். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண் சர்க்கரையை மட்டும் போட்டுக்கொண்டாள். அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள், வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று தெளிந்த சூப் இருக்கிறது ('கேங் ஜூட்'), முட்டைப் பொரியல் அடை இருக்கிறது ('காய் ஜியாவ்'), கோழிச் சோறு இருக்கிறது ('காவ் மன் காய்'). ஐந்து நாளும் வயிறு ஒரு தொந்தரவும் தரவில்லை. அவர்களுடைய மல்லிகை அரிசிச் சோறு வாசனை, ஆனால் கொஞ்சம் ஒட்டும். பொன்னி சாப்பிட்ட கைக்கு முதல் நாள் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் தேடியது.

3 மார்ச் 2025

அங்கே போகிறவர்களுக்குச் சொற்கள். 'மாய் பெட்' என்றால் காரம் வேண்டாம். ஆனால் இதைச் சொன்னாலும் ஒரு மிளகாயாவது வருகிறது, அவர்கள் கணக்கில் அது காரமில்லை. 'மாய் சாய் ப்ரிக்' என்றால் மிளகாய் போடாதீர்கள். இரண்டாவதைச் சொல்லுங்கள்.

11 மே 2025

விழுதில் அரைபட்ட மிளகாயைப் பிரிக்க முடியாது என்று நவம்பரில் எழுதியதிலிருந்து ஒரு எண்ணம் ஓடிக்கொண்டே இருந்தது. விழுதை நாமே அரைத்தால்?

கொல்லைக் குழாயடியில் எலுமிச்சைப்புல் இருக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் அரத்தை, காய்ந்தது, ஊறவைத்தேன். எலுமிச்சை இலைக்கு நாரத்தைக் கொழுந்து. பச்சை நிறத்துக்குக் கொத்தமல்லி வேரும் தழையும். மிளகாய் கிடையாது. அம்மியில் அரைத்து, வீட்டுத் தேங்காயில் பால் எடுத்துக் கொதிக்கவிட்டேன். வாசனை வந்தது, ருசியில் ஏதோ குறைந்தது. படுத்துக் கிடந்த மாதிரி ஒரு குழம்பு. மிளகாய்க்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அறுக்க ஏதாவது ஒன்று வேண்டும்.

அடுத்த ஞாயிறு அரை ஸ்பூன் மிளகை விழுதோடு அரைத்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டது. மிளகாய்க்கு முந்தி அங்கேயும் இப்படித்தான் சமைத்திருப்பார்களோ என்று தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் சட்டி காலி.

மாம்பழக் காலமாக இருப்பதால் இதையும்: ஒட்டரிசியை வேகவைத்துச் சர்க்கரையும் உப்பும் கலந்த தேங்காய்ப்பாலில் ஊறவிட்டு மாம்பழத்தோடு சாப்பிடுவார்கள். காரத்துக்குப் பயந்து உணவகத்துக்குப் போகாதவர்கள் இதையும் சேர்த்து இழக்கிறார்கள்.

14 ஜூன் 2025

அம்மாவுக்கு லேசாகச் சளி. கஷாயம் வைக்கட்டுமா என்று கேட்டேன். "அந்தத் திருச்சி சூப்பு வைக்கத் தெரியுமா ஒனக்கு?" என்கிறார். காளான் வாங்கி வந்தாயிற்று. தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன். அம்மா இந்தத் தடவை மிளகு மட்டும் நாலு தட்டிப் போடச் சொல்கிறார்.